கெப்பில் ஏற்றிய எட்டடிப் பெட்டி

செப்டெம்பர் 4, வியாழன்

காலையிலேயே வெயில். காற்றே இல்லை. பட்டறைத் தகரம் சுடுகிறது.

இன்று பெட்டி ஏற்றும் வேலை. மீதி: பின்கதவுப் பூட்டு. தண்ணீர்த் தாங்கிக்கு இரும்புப் பட்டி. கூரை ஓரத்துக்குச் சிலிக்கன். ரஞ்சி அக்காவுக்குக் கைபிடி இரண்டு, ஒன்று வாசலில், ஒன்று கக்கூசுக்குள்.

பெட்டி என்று நான் சொல்வது நேசன் அண்ணையின் ஓடுகிற வீட்டை. முப்பத்தெட்டு வருடம் அவுஸ்திரேலியாவில் இருந்துவிட்டு மனிசி ரஞ்சி அக்காவோடு மானிப்பாய்க்குத் திரும்பி வந்தவர். அங்கே கெப் என்கிற சின்ன லொறியின் திறந்த பின்தட்டில் ஒரு சின்ன அறையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊர் சுற்றுவார்களாம். கட்டில், அடுப்பு, கக்கூசு எல்லாம் அதற்குள். வேண்டாதபோது பெட்டியை நாலு காலில் நிறுத்திவிட்டு, அடியிலிருந்து கெப்பை உருவி எடுத்துவிடலாம். அப்படி ஒன்று செய்துதரச் சொல்லிப் படத்தோடு வந்தார். கெப் பழையது, நாலு சில்லும் இழுக்கும், எஞ்சின் அருமை. லொறிக் கூடு, உழவு மெசின் பெட்டி செய்வதில் குணம் என்கிற என்னை விட்டால் ஆளில்லை என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவன் நாசமாய்ப் போக.

ஊர் சுற்றும் ஆசை அவருக்கில்லை, அக்காவுக்கு. முழங்கால் இரண்டும் போய்விட்டது, நடைவண்டி பிடித்துத்தான் நடை. வழியில் கண்ட கக்கூசில் குந்தி எழும்ப முடியாது. அதனாலேயே வந்து ஒன்றரை வருடமாக மானிப்பாயைத் தாண்டவில்லை. திருகோணமலை, பதுளை, காலி என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். மழை தொடங்க முன்னம் ஒரு சுற்று.

இரண்டு மணிக்குப் பெட்டியைக் காலில் உயர்த்தி, கெப்பைப் பின்னுக்கு விட்டு, இறக்கினோம். சிக்கலில்லாமல் இருந்தது. வாசலில் நின்ற பெண் ஒருத்தி, "உதென்ன, ஐஸ்கிறீம் வானோ?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நே. அண்ணை சிரித்துக்கொண்டே படம் எடுத்தார்.

அவர் படம் எடுத்த நேரம் கெப்பின் மூக்கு இரண்டு விரலளவு மேலே எழும்பியது. அவர் காணவில்லை. நான் கண்டேன்.

இரவு. இதை இங்கே மட்டும்தான் எழுதலாம்.

அவர் தந்த படத்தில் உள்நீளம் ஏழடி. நான் செய்தது எட்டடி. கக்கூசுக்கு இடம் காணாது, ஒரு அடி கூட்டுகிறேன் என்று அவருக்குச் சொன்னேன். பொய். ஏழடியிலும் கக்கூசு வரும். மனையடிக் கணக்கில் ஏழடி அறை தரித்திரம், எட்டடி பாக்கியம். அதுதான் காரணம். ஆட்கள் படுத்து எழும்பப் போகிற அறையை ஏழடியில் செய்ய எனக்குக் கை வரவில்லை. எனக்கு. கதவு நிலை வைக்கவும் பஞ்சாங்கம் பார்க்கிறவர்களை நக்கலடித்தே பெயர் எடுத்தவன். நே. அண்ணை வேதக்காரர், கிறிஸ்தவர், மனையடி என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது.

எங்கள் வீடு கட்டியபோது சாந்தி குசினியை எட்டடி ஆக்கச் சொல்லிக் கேட்டாள். சீமெந்து காணாது, ஏழடி போதும், உதெல்லாம் மூட நம்பிக்கை என்று பிரசங்கம் வைத்தேன். அந்த வருடமே தொழில் படுத்தது. அடுத்த வருடம் பிள்ளை வயிற்றிலேயே போனது. அதற்குப் பிறகு பிள்ளை இல்லை. சாந்தி ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை. ஒரு தடவை சொல்லிக் காட்டியிருந்தால் நான் சண்டை பிடித்து மறந்திருப்பேன்.

கூட்டிய அடி முழுதும் பின்னுக்கு. அதற்குள்தான் கக்கூசும் தண்ணீர்த் தாங்கியும். சுமை பின் அச்சுக்கு முன்னால் இருக்கவேண்டும் என்று பத்துப் பேருக்குப் படிப்பித்தவன் நான். நே. அண்ணைக்கும் சந்தேகம் வந்தது. "பாரம் பின்னுக்குப் போகாதோ தம்பி?" என்று கேட்டார். "அதெல்லாம் பாத்துத்தான் செய்திருக்கிறன் அண்ணை" என்றேன். ஒன்றும் பார்க்கவில்லை.

செப். 5, வெள்ளி

காற்று கொஞ்சம். மின்சாரம் இரண்டு தடவை போய் வந்தது.

ர. அக்கா வந்து உள்ளே ஏறிப் பார்த்தார். ஏற ஐந்து நிமிடம். கக்கூசுக்குள் நின்று மெல்ல ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார். திரும்ப இடமிருக்கிறது, ஒருவரும் பிடிக்கத் தேவையில்லை. வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒருத்தரின்ரை உதவியும் இல்லாமல் போய்வர ஒரு இடம் தந்திட்டீர் தம்பி" என்றார். நான் பூட்டைத் திருகிக்கொண்டிருந்தேன். பூட்டு முன்னமே இறுகியிருந்தது.

புது வண்டிக்குச் செய்கிற மாதிரிச் சில்லுக்கு அடியில் நசுக்கத் தேசிக்காய் வைக்கவில்லையா என்று அக்காவே கேட்டார். தேவாலயத்துக்குப் போகிற மனிசி. பகிடிக்குத்தான். ஓடிப்போய் நாலு வாங்கி வந்து வைத்தேன். பகிடி இல்லாமல்.

நாளை மயிலிட்டிக் கடற்கரைக்குப் பரீட்சை ஓட்டம். தாங்கி நிறையத் தண்ணீர் விட்டு, பயணம் போகிற மாதிரியே போகவேண்டுமாம். அவர் அப்படித்தான், எதிலும் ஒழுங்கு.

வாங்கவேண்டியது: வெல்டிங் கம்பி ஒரு பெட்டி, சாந்தியின் பிரஷர் குளிசை, கோழித்தீன்.

செப். 6, சனி

நான் போகவில்லை. கூட வரும்படி கேட்டார். உழவு மெசின்காரர் ஒருவர் வருவார், இருக்கவேண்டும் என்றேன். ஒருவரும் வருவதாக இல்லை.

ஒன்பதரைக்குப் புறப்பட்டார்கள். படுத்துக்கொண்டு போனால் எப்படி இருக்கும் என்று பார்க்க ர. அக்கா பின்னால் கட்டிலில். பத்தே முக்காலுக்கு நே. அண்ணையின் அழைப்பு. குரலில் ஆளே இல்லை. மயிலிட்டிக்குக் கிட்ட ஒரு வளைவு, கெப் திரும்பாமல் நேரே போய்க் கல்லுக் குவியலில் முட்டி நிற்கிறது.

மோட்டார் சைக்கிளில் போனேன். போன வழி ஒன்றும் ஞாபகமில்லை. வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து அக்காவை இறக்கி நிழலில் இருத்தியிருந்தார்கள். கட்டிலிலிருந்து விழுந்து இடது மணிக்கட்டு வீங்கிப் போயிருந்தது. அவர் அழவில்லை, தன் கண்ணாடியைத் தேடினார். நே. அண்ணை கெப்புக்குப் பக்கத்தில் நின்று தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் திருப்பினனான் தம்பி. திருப்பினது எனக்கு நல்லாத் தெரியும். அது திரும்பேல்லை. பெட்டியிலை ஏதும் பிழையோ?"

சொல்ல வாய் திறந்தேன். சத்தியமாக அதைச் சொல்லத்தான் திறந்தேன். வந்தது வேறு.

"பெட்டியிலை ஒரு பிழையும் இல்லை அண்ணை. இஞ்சத்தை றோட்டு உங்களுக்குப் பழக்கமில்லைத்தானே. வயசும் போகுது."

வயசும் போகுது. அதை ஏன் சேர்த்தேன். றோட்டோடு நிறுத்தியிருக்கலாமே, நாயே.

அவர் ஓம் என்று தலையாட்டினார். உடனே ஆட்டினார். ஏற்கெனவே அதைத்தான் நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறார் போல.

அங்கே முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினார் என்று கம்பனி கொடுத்த பத்திரத்தைச் சட்டம் போட்டு விறாந்தையில் மாட்டியிருக்கிறார்.

ஆசுப்பத்திரி. அக்காவின் கை எலும்பில் வெடிப்பு, மாக்கட்டு. சாப்பிடவில்லை. வயிற்றுக்குச் சரியில்லை என்று சாந்திக்குச் சொன்னேன். நாளுக்கு எத்தனை பொய்தான் சொல்வது.

செப். 7, ஞாயிறு

புழுக்கம். பட்டறை பூட்டு. கோழிக் கூட்டுக் கம்பி மாற்றினேன். தேவையில்லாத வேலை.

கெப் என் முற்றத்தில்தான் நிற்கிறது, பம்பர் நிமிர்த்தித் தருகிறேன் என்று கொண்டுவந்தேன். சாந்தி தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள், அந்த மனிசன் நல்லாத்தானே ஓட்டுவார், என்ன நடந்தது என்று. வளைவு என்றேன். பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் உள்ளே போய்விட்டேன்.

செப். 8, திங்கள்

கெப்பை மெல்ல ஓட்டிக்கொண்டு சுன்னாகம் போனேன். வெங்காய லொறி நிறுக்கிற தராசு. தாங்கி நிறையத் தண்ணீர் விட்டு முன்சில்லு இரண்டையும் மட்டும் ஏற்றினேன். நிறுக்கிறவர் முள்ளைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணை, எஞ்சினைக் கழட்டி வித்திட்டியளோ?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். நிறைத் துண்டு வேண்டாம் என்றேன்.

நிறுக்கத் தேவையே இல்லை. போகிற வழியிலேயே தெரிந்தது. ஸ்ரேறிங்கில் பாரமே இல்லை, பஞ்சைப் பிடித்துத் திருப்புகிற மாதிரி. முன்சில்லு நிலத்தில் பட்டும் படாமலும் போகிறது. பஸ் ஓட்டி என்ன, எவன் ஓட்டினாலும் அந்த வளைவில் அதுதான் கதி.

தெரிந்துகொண்டு என்ன செய்தேன்? பம்பரை நிமிர்த்திப் பெயின்ற் அடித்தேன். நல்ல வடிவாய் வந்திருக்கிறது.

செப். 9, செவ்வாய்

பின்னேரம் அவர்கள் வீட்டுக்கு. சொல்வதற்கென்றே போனேன். வழியில் வசனம்கூடப் பாடமாக்கினேன்.

நே. அண்ணை விறாந்தையில். விறாந்தைச் சுவரில் பஸ் பத்திரத்தைக் காணவில்லை. ஆணி மட்டும்.

மகன் மெல்பேர்னிலிருந்து அழைத்திருக்கிறார். இனிமேல் ஸ்ரேறிங் தொடக்கூடாது என்று கட்டளை. கையும் மூளையும் ஒன்றுக்கொன்று கதைக்கவில்லை போல, தலையைப் படம் பிடித்துப் பார்க்கவும் சொன்னாராம். வெள்ளிக்கிழமை கொழும்பில் அதற்கு நேரம் எடுத்தாயிற்று. இதையெல்லாம் அவர் வேறு யாரையோ பற்றிச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார். தேத்தண்ணீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். போன கிழமை ஒற்றைக் கையால் ஜக்கைச் சுற்றிப் பெட்டியை உயர்த்திய மனிசன்.

கெப்பை விற்கப் போகிறாராம். பெட்டியை வளவுக்குள் நாலு காலில் நிறுத்திவிடலாம், ரஞ்சி அதற்குள்ளேயே கக்கூசுக்குப் போகட்டும், வீட்டில் இருப்பது ஒடுக்கம்தானே என்றார். அக்கா உள்ளேயிருந்து, "அப்ப நான் பதுளைக்கு வளவுக்குள்ளாலை போறன்" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை.

கேக் தந்தார்கள். தின்றேன். இரண்டு துண்டு. சொல்லவில்லை.

வாசல் வரை வந்து நே. அண்ணை என்னிடம் மன்னிப்புக் கேட்டார். உம்மடை வேலையைச் சந்தேகிச்சுப்போட்டன் தம்பி, மனசிலை வையாதையும் என்றார். மனதில் வைக்கவில்லை என்று சொன்னேன். பெரிய மனிதன் மாதிரி, தோளில் கை வைத்துச் சொன்னேன்.

எனக்கு இந்த வயதில் என்னைக் கண்டாலே அருவருப்பாக இருக்கிறது.

செப். 10, புதன்

வேலைக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒரு கேற், ஒரு தண்ணீர்த் தாங்கி நிலை. அளவு எடுக்கும்போது ஏழு என்று ஒரு தடவை வந்தது. எழுதுகோலை வைத்துவிட்டேன்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சாந்திக்குச் சொன்னேன். எல்லாம். ஏழடி, எட்டடி, மூக்கு எழும்பியது, தராசு, வயசும் போகுது. அவள் குசினிக் கதவில் சாய்ந்து நின்று கேட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். அல்லது சிரிப்பாள்.

"நான் கேக்கேக்கை ஏழடி காணும் எண்டனீங்கள்" என்றாள். அவ்வளவுதான். சொல்லிக் காட்டியேவிட்டாள், பதினெட்டு வருடத்துக்குப் பிறகு. எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

பிறகு பானையைக் கழுவப் போனவள் திரும்பி வந்தாள்.

"எங்கடை பிள்ளை போனது குசினியாலை எண்டே இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டு இருந்தனீங்கள்?"

எனக்கே இன்றுதான் தெரியும் அப்படித்தான் நினைத்திருக்கிறேன் என்று.

"அந்தாள் நாளையிண்டைக்குத் தலையைப் படம் பிடிக்கப் போகுது. விடியப் போய்ச் சொல்லுங்கோ. நானும் வரட்டோ?"

வேண்டாம் என்றேன். நித்திரை இல்லை.

செப். 11, வியாழன்

ஏழு மணிக்கே போனேன். அக்கா முற்றத்தில் கதிரையில், மாக்கட்டுக் கை மடியில். நே. அண்ணை பூவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பாடமாக்கிய வசனம் ஒன்றும் வரவில்லை. நின்றபடியே சொன்னேன். உங்கடை கையிலை பிழையில்லை, பெட்டியிலைதான் பிழை, ஒரு அடி நான் தெரிந்துகொண்டு கூட்டினது, முன்சில்லிலை பாரமில்லை. மனையடியையும் சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான் முகம் இன்னும் கூசியது. பொய்யைவிட அந்த முட்டாள்தனம்தான் வெட்கம். இப்படியும் ஒரு மனிதன்.

அவர் குழாயைப் பூட்டவில்லை. தண்ணீர் ஒரே இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"எப்பயிருந்து தெரியும்?"

"ஏத்தின அண்டைக்கே."

"முட்டினாப் பிறகு நான் உம்மட்டைக் கேட்டனான்."

"ஓம்."

"எனக்கு வயசு போகுதெண்டு சொன்னனீர்."

"ஓம் அண்ணை."

குழாயைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனார். கதவை அடித்துச் சாத்தவில்லை, மெல்லத்தான் சாத்தினார். நான் போய்க் குழாயைப் பூட்டினேன். வேறென்ன செய்ய.

ர. அக்காதான் பேசினார். இந்த ஐந்து இரவும் அவர் கட்டில் ஓரத்தில் இருந்து, இல்லாத ஸ்ரேறிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார் தம்பி என்றார். பிறகு, அந்த ஒரு அடியை வெட்டினால் சரி வருமா என்று கேட்டார். வரும், தாங்கியையும் முன்னுக்கு, கெப் முதுகோடு மாற்றவேண்டும் என்றேன். ஆனால் கக்கூசுக்குள் நீங்கள் சுற்றித் திரும்ப இடம் வராது, அடுப்புத் தட்டை எடுத்தால் மட்டும் வரும்.

"எடும். நாப்பத்தைஞ்சு வருசம் சமைச்சது காணும். வழியிலை கடையிலை சாப்பிடுவம்."

கொழும்புப் பயணத்தை நிற்பாட்டினார்களா தெரியவில்லை. கேட்கத் துணிவில்லை.

செப். 12, வெள்ளி

விடிய ஐந்து மணிக்கே தொடங்கினேன். பெட்டியை நாலு காலில் உயர்த்திக் கெப்பை உருவினேன். கக்கூசைக் கழற்றினேன். பின்சுவரை வெட்டினேன். நல்ல ஒட்டு, வெட்ட மனமில்லாத ஒட்டு. வேறு வேலை ஒன்றும் எடுக்கவில்லை.

பத்து மணிபோல அக்காவின் அழைப்பு. நே. அண்ணை கொழும்புக்குப் போகவில்லை. படுத்திருக்கிறார். கதைக்கவில்லை, ஆனால் நித்திரை கொள்கிறார்.

செப். 13, சனி

உள்நீளம் ஏழடி. மூன்று தடவை அளந்தேன். ஏழடியேதான்.

தாங்கி முன்னுக்கு. அடுப்புத் தட்டு கழற்றி மூலையில். கைபிடியை மாற்றி வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நானே உள்ளே சுற்றிப் பார்த்தேன். இடது முழங்கை இடிக்கிறது, என் வயிறு பெரிது. அக்காவுக்குக் காணும்.

சாந்தி வந்து வாசலில் நின்று பார்த்தாள். தேத்தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள். கோபம் இல்லை.

கட்டில் பக்கத்துக்கு விழாமல் தடுப்புப் பலகை. இதை முதலிலேயே வைத்திருக்க வேண்டாமா?

செப். 14, ஞாயிறு

மழை இருட்டு, பெய்யவில்லை. கெப்பைப் பின்னுக்கு விட்டுப் பெட்டியை இறக்கினேன். மூக்கு அசையவில்லை.

சுன்னாகம் தராசுக்காரரை வீட்டில் போய்ப் பிடித்துக் கெஞ்சித் திறப்பித்தேன். முள்ளைப் பார்த்துவிட்டு எஞ்சின் திரும்ப வந்திட்டுது என்றார். துண்டு வாங்கினேன், இந்த முறை. நே. அண்ணை வீட்டு வாசலில் அக்காவிடம் கொடுத்தேன். அவர் உள்ளே இருந்தது தெரிந்தது. வெளியே வரவில்லை.

செப். 15, திங்கள்

வெயில். எட்டு மணிக்கு நே. அண்ணை தனியாக நடந்து பட்டறைக்கு வந்தார். சவரம் செய்து, காற்சட்டைக்குள் சேட் விட்டு, பஸ் ஓட்டப் போகிறவர் மாதிரி. கெப்பின் திறப்பைக் கேட்டார். தம்பி என்ற சொல் இல்லை. கெப்பைச் சுற்றி வந்து ஒவ்வொரு சில்லையும் காலால் தட்டிப் பார்த்தார். தாங்கியைத் தானே நிரப்பினார்.

முன் ஆசனக் கதவைத் திறக்கப் போனேன்.

"அங்கையில்லை. பின்னுக்கு ஏறும். ரஞ்சி படுத்த இடத்திலை."

ஏறினேன். கதவை வெளியிலிருந்து பூட்டினார். கட்டிலில் படுத்தேன், தடுப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டு. முன்னால் என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியாது. பின் யன்னலில் கடந்துபோன றோட்டு மட்டும் தெரியும். அக்காவும் இப்படித்தான் போயிருக்கிறார், எங்கே போகிறோம் என்று தெரியாமல், இரண்டு பேரை நம்பி.

சுன்னாகம். தெல்லிப்பழை. பிறகு உப்புக் காற்று வந்தது. வேகம் கூடுவது தெரிந்தது. வளைவு வரப்போகிறது, பலகையை இறுக்கிப் பிடித்தேன். உடம்பு பக்கவாட்டில் சாய்ந்தது, பெட்டி சாய்ந்து நிமிர்ந்தது, வளைவு பின் யன்னலுக்குள் வந்து விலகிப் போனது. அந்தக் கல்லுக் குவியலும் போனது. நிற்பார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. திருப்பிக்கொண்டு வந்து இரண்டாம் தடவை. இன்னும் வேகமாக. மூன்றாம் தடவை நான் கண்ணை மூடிக்கொண்டேன். பயத்தில் அழுதேன் என்று எழுதினால் அரைவாசி பொய். பயம் மட்டுமில்லை.

நின்றது. எஞ்சினை நிறுத்தவில்லை. கதவைத் திறந்தார். நான் கீழே இறங்கி அவர் முன்னால் நின்றேன். அண்ணை என்று தொடங்கினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, புறங்கையையும் உள்ளங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். நடுக்கம் இல்லை.

"அப்ப என்ரை கையில்லை" என்றார்.

பின்கதவைச் சாத்திப் பூட்டினார், இழுத்துப் பார்த்தார். போய் முன்னால் ஏறினார். கை காட்டுவார் என்று நின்றேன். கெப் போய்விட்டது, நேராக, அளவான வேகத்தில்.

வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவர் எழும்பி வந்து, "அண்ணை, உங்களை விட்டிட்டெல்லோ போறார்" என்றார்.

ஓம் என்றேன்.

தெல்லிப்பழை வரை நடை. பிறகு பஸ்.